54,288 வாக்குகள்: கியூபெக் பயணக் குறிப்புகள்

அக்டோபர் 24, 2025 – மொன்றியல்

மொன்றியல் நகரின் நடுவே கிழக்கு மேற்காக ஓர் அகலமான சாலை ஓடுகிறது. ரெனே லெவெக் சாலை என்று பெயர். பெரிய ஹோட்டல்கள், வங்கிகள், கியூபெக் மின்வாரியத்தின் தலைமையகம் எல்லாம் இதில்தான். மதியம் அதில் மேற்குப் பக்கமாக நடந்தேன். அட்வாட்டர் சந்திப்பைத் தாண்டி வெஸ்ட்மவுண்ட் எல்லைக்குள் கால் வைத்ததும் பெயர்ப்பலகை மாறிவிட்டது. அதே சாலைக்கு அங்கே டார்செஸ்டர் என்று பெயர்.

கனடாவின் பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கைத் தனிநாடாக்க வேண்டும் என்று 1968-இல் பார்த்தி கெபெகுவா கட்சியைத் தொடங்கி, 1976-இல் ஆட்சியைப் பிடித்தவர் லெவெக். 1987-இல் அவர் இறந்ததும், பிரிட்டிஷ் ஆளுநர் ஒருவரின் பெயரைச் சுமந்துகொண்டிருந்த இந்தச் சாலைக்கு மொன்றியல் மாநகராட்சி அவர் பெயரை வைத்தது. ஆங்கிலம் பேசும் வசதியானவர்களின் ஊரான வெஸ்ட்மவுண்ட் தனி நகராட்சி. அவர்கள் பழைய பெயரை விடவில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகளாக இரண்டு பலகைகளும் அப்படியே நிற்கின்றன. இந்த மாகாணத்தின் அரசியலை விளக்கச் சொன்னால் முதலில் இந்தச் சந்திப்புக்குத்தான் யாரையும் கூட்டிவருவேன்.

இந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்து வந்ததற்குக் காரணம் உண்டு. 1995 அக்டோபர் 30 அன்று கியூபெக் தனிநாடாகலாமா என்று மக்களிடம் பொதுவாக்கெடுப்பு நடத்தினார்கள். வேண்டாம் என்றவர்கள் 50.58 விழுக்காடு. வேண்டும் என்றவர்கள் 49.42. இடைவெளி 54,288 வாக்குகள். செல்லாத வாக்குகளே 86,000-க்கு மேல். வாக்காளர்களில் நூற்றுக்கு 93 பேர் வந்து வாக்களித்தார்கள். வரும் வியாழக்கிழமையோடு அதற்கு முப்பது வயது.

அடுத்த ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி இங்கே மாகாணத் தேர்தல். கருத்துக்கணிப்புகளில் முன்னால் நிற்பது லெவெக்கின் கட்சி. அதன் இப்போதைய தலைவர் பால் சென்-பியேர் பிலாமொந்தோன், ஆட்சிக்கு வந்தால் முதல் பதவிக்காலத்திலேயே மூன்றாவது பொதுவாக்கெடுப்பு என்று சொல்லியிருக்கிறார். அது நடக்குமா, நடந்தால் ஜெயிக்குமா என்று ஆட்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறேன்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று நண்பர்கள் கேட்பார்கள். நான் புதுச்சேரிக்காரன். ஏழாண்டுப் போரில் பிரிட்டிஷார் எங்கள் ஊரைப் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். 1763 பாரிஸ் ஒப்பந்தத்தில் அது பிரான்சுக்குத் திரும்பி வந்தது. அதே ஒப்பந்தத்தில்தான் பிரான்ஸ் கனடாவை பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தது. அன்றைக்கு இங்கே விடப்பட்ட பிரெஞ்சுக்காரர்கள் ஒரு லட்சத்துக்கும் குறைவு. இன்று 90 லட்சம் பேர் வாழும் மாகாணத்தில் அவர்கள் மொழிதான் அரசு மொழி, கடைத்தெரு மொழி, சண்டை போடும் மொழி. பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சை வைத்துக்கொண்டு ஒரு பெரிய நகரத்தில் நாள் முழுக்கக் காலம் தள்ளுவது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. அவர்கள் உச்சரிப்பு பழக நேரமாகும், சரி.

விளக்குக் கம்பங்களில் எல்லாம் வேட்பாளர் படங்கள். நவம்பர் 2 உள்ளாட்சித் தேர்தலுக்கானவை. தனிநாடு பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை.

அக்டோபர் 25 – மொன்றியல்

ஜாக் கார்த்தியே பாலத்தின் அடியில் பழைய கல் சிறை ஒன்று இருக்கிறது. பியே-து-குரான் என்பார்கள். பின்னாளில் மாகாண மதுபானக் கழகத்தின் கைக்குப் போன கட்டடம். 1837-38-இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியில் பிடிபட்ட பாத்ரியோத்துகளில் பன்னிரண்டு பேரை இங்கேதான் தூக்கிலிட்டார்கள். கடைசியாகப் போனவர்களில் ஒருவர் ஷெவாலியே தெ லொரிமியே, பத்திரம் எழுதும் நொத்தாரிசு. 1839 பிப்ரவரி 15 அன்று தூக்கு. முந்தின இரவு எழுதிய கடிதத்தில், தனக்கு எந்த வருத்தமும் இல்லை, நாட்டின் நன்மையையும் விடுதலையையும் தவிர வேறெதையும் விரும்பவில்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்.

சாலையோரம் அவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம். அதன் கம்பியில் பச்சை, வெள்ளை, சிவப்புப் பட்டைகள் கொண்ட பாத்ரியோத் கொடி ஒன்றை யாரோ கட்டியிருந்தார்கள். துணி புதுசு, முடிச்சு இறுக்கமாக இருந்தது. இந்த ஆண்டு கட்டியதாகத்தான் இருக்க வேண்டும். மேலே பாலத்தில் வண்டிகள் இரைந்துகொண்டே போகின்றன. நான் நின்ற அரை மணி நேரத்தில் வேறு யாரும் வரவில்லை.

கிளர்ச்சி அடங்கியதும் பிரிட்டன் அனுப்பிய டர்ஹம் பிரபு, பிரெஞ்சுக் கனடியர்களுக்கு வரலாறும் இலக்கியமும் கிடையாது, அவர்களை ஆங்கிலேயரோடு கரைத்துவிடுவதே வழி என்று அறிக்கை கொடுத்தார். இங்கே பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் அந்த வரி தெரியும்.

மாலையில் நகரமன்றத்துக்கு முன்னால் நின்றேன். 1967 ஜூலை 24 அன்று பிரெஞ்சு அதிபர் டி கோல் இந்த மாடத்திலிருந்துதான் ‘சுதந்திர கியூபெக் வாழ்க’ என்று முழங்கினார். ஒட்டாவாவில் கனடிய மத்திய அரசு கொதித்தது. அவர் தலைநகருக்குப் போகாமலே விமானம் ஏறினார். கீழே கூடியிருந்த கூட்டத்துக்கு, உலகம் நம்மைப் பார்க்கிறது என்று தோன்றிய நாள் அது.

அப்புறம் 1970 அக்டோபர். இதை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். எஃப்.எல்.க்யூ. என்ற ஆயுதக் குழு ஒரு பிரிட்டிஷ் தூதரக அதிகாரியையும் மாகாண அமைச்சர் பியேர் லபோர்த்தையும் கடத்தியது. லபோர்த்தைக் கொன்று கார் டிக்கியில் விட்டுப் போனார்கள். மத்திய அரசு போர்க்காலச் சட்டத்தைக் கொண்டுவந்து, ஏறத்தாழ 500 பேரைக் குற்றச்சாட்டே இல்லாமல் அள்ளிக்கொண்டு போனது. கவிஞர்கள், பாடகர்கள், தொழிற்சங்கக்காரர்கள் எல்லாரும் உள்ளே. லெவெக் அந்தக் கொலையை வெளிப்படையாகக் கண்டித்தார். அதன்பின் இந்த இயக்கம் வாக்குச்சீட்டை விட்டு விலகவே இல்லை. ஒரு நாட்டைப் பிரிக்கலாமா என்று இரண்டு முறை மக்களைக் கேட்டு, இரண்டு முறையும் தோற்று, தோல்வியை ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் இவர்கள். தனிநாட்டுக் கோரிக்கைகள் இரத்தத்தில் முடிந்ததையே பார்த்த நமக்கு இதன் அருமை தெரியும்.

அக்டோபர் 26 – கியூபெக் நகரம்

காலை ரயில். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஜன்னலுக்கு வெளியே வயல்கள் எல்லாம் ரிப்பன் மாதிரி குறுகி நீண்டு கிடக்கின்றன. பிரெஞ்சு ஆட்சியில் ஆளுக்கு ஒரு துண்டு ஆற்றங்கரை கிடைக்கும்படி செங்குத்தாக அளந்து கொடுத்த பங்குகள். ஆட்சி மாறி 260 ஆண்டுகள் ஆகியும் வரப்பு மாறவில்லை.

ஆபிரகாம் சமவெளியில் இப்போது மக்கள் ஓடுகிறார்கள், நாய்களைக் கூட்டிவருகிறார்கள். 1759 செப்டம்பர் 13 அன்று இந்தப் புல்வெளியில் ஒரு மணி நேரம்கூட நீடிக்காத சண்டையில் கனடாவின் தலைவிதி முடிவாகிவிட்டது. ஜெயித்த பிரிட்டிஷ் தளபதி வுல்ஃபும் செத்தார், தோற்ற பிரெஞ்சுத் தளபதி மொன்காமும் செத்தார்.

மாகாணச் சட்டமன்றத்துக்கு இங்கே தேசிய மன்றம் என்றே பெயர். பக்கத்தில் லெவெக் சிலை. முதலில் ஆள் உயரத்துக்கு ஒன்று வைத்தார்களாம். அவர் குள்ளமான மனிதர். சிலை ரொம்பச் சின்னதாக இருக்கிறது என்று பேச்சு எழுந்ததால், பெரிதாக இன்னொன்று செய்து வைத்துவிட்டு, பழையதை அவர் வளர்ந்த நியூ கார்லைலுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு அந்தச் சின்னச் சிலையைத்தான் பார்க்க ஆசை. 1980 மே 20 அன்று, முதல் பொதுவாக்கெடுப்பில் நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்று சொன்ன இரவில், அழுதுகொண்டிருந்த கூட்டத்தின் முன்னால் நின்று, “நான் சரியாகப் புரிந்துகொண்டேன் என்றால், அடுத்த முறை பார்ப்போம் என்கிறீர்கள்” என்று சொன்ன மனிதருக்கு அந்த உயரமே போதும்.

சாயங்காலம் ஒரு காபிக்கடையில் சட்டம் படிக்கும் மாணவி ஒருவரிடம் பேசினேன். 1982-இல் கனடாவின் அரசியலமைப்பை பிரிட்டனிடமிருந்து கொண்டுவந்தபோது கியூபெக் அரசு சம்மதிக்கவில்லை. இன்று வரை கையெழுத்திடவில்லை. ஆனாலும் அது கியூபெக்குக்கும் சட்டம்தான். கியூபெக்கைச் சேர்த்துக்கொள்ள மீச் ஏரியில் ஓர் உடன்பாடு போட்டார்கள். 1990-இல் அது கவிழ்ந்தது. அந்த அவமானத்தில் தனிநாட்டு ஆதரவு 60 விழுக்காட்டையும் தாண்டியது. 1995-இல் வெற்றிக்கு அவ்வளவு பக்கத்தில் போனதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

“அதற்கு அப்புறம் கதவை இறுக்கிவிட்டார்கள்” என்றார் அந்த மாணவி. 1998-இல் உச்ச நீதிமன்றம், கியூபெக் தன்னிச்சையாகப் பிரிய முடியாது, ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால் மற்றவர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தே ஆகவேண்டும் என்றது. 2000-இல் ஒட்டாவா தெளிவுச் சட்டம் போட்டது. கேள்வி தெளிவா, பெரும்பான்மை போதுமா என்பதைக் கனடிய நாடாளுமன்றம் தீர்மானிக்கும். எத்தனை விழுக்காடு போதும் என்று சட்டம் சொல்லவில்லை. கியூபெக் பதிலுக்கு 50-க்கு மேல் ஒரு வாக்கு இருந்தால் போதும் என்று தன் சட்டத்தில் எழுதிக்கொண்டது. ஆட்டத்தின் நடுவே எல்லைக்கோட்டை வரையும் உரிமை எதிரணிக்கு இருந்தால் எப்படியோ, அப்படி. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஸ்காட்லாந்தில் 2014-இல் பாதிக்கு மேல் ஒரு வாக்கு போதும் என்று இரு தரப்பும் ஏற்றுக்கொண்டுதான் வாக்கெடுப்புக்குப் போனார்கள்.

அக்டோபர் 27 – வெண்டாக்கே

கியூபெக் நகரத்தின் வடக்கு விளிம்பில் ஹூரோன்-வெண்டாட் பழங்குடியினரின் ஊர். கபீர் கூபா அருவியின் சத்தத்தைத் தேடிப் போனால் பாலத்துக்கு வந்துவிடலாம். கைவினைக் கடையில் இருந்த அம்மாவிடம் தனிநாடு பற்றிக் கேட்டேன். மொக்கசின் செருப்புக்கு மணி கோத்துக்கொண்டே பதில் சொன்னார்: “யாருடைய நிலத்தைப் பிரிக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.”

1995-இல் வடக்கே ஜேம்ஸ் வளைகுடாவில் வாழும் க்ரீ மக்கள், மாகாண வாக்கெடுப்புக்கு ஆறு நாள் முன்னால் தங்களுக்குள் தனியாக ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். கியூபெக்கோடு பிரிந்துபோக 96 விழுக்காடு பேர் மறுத்தார்கள். இனுயிட் பழங்குடியினரும் அப்படியே. மின்வாரியத்தின் மாபெரும் அணைகள் அவர்கள் ஆறுகளின் மேல்தான் நிற்கின்றன. கனடா பிரிக்கப்படக்கூடியது என்றால் கியூபெக்கும் பிரிக்கப்படக்கூடியதுதானே என்ற அவர்கள் கேள்விக்கு இயக்கத்திடம் இன்று வரை நேரான பதில் இல்லை. இதை எழுதும்போது எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. தன் மொழிக்காக உரிமை கேட்பவன், பக்கத்தில் இருப்பவன் அதையே கேட்டால் காதைப் பொத்திக்கொள்ள முடியாது.

அக்டோபர் 28 – சாகெனே, அர்விடா

கியூபெக் நகரத்திலிருந்து வடக்கே மலைக்காட்டுக்குள் பேருந்து. மூஸ் மான் குறுக்கே வரும் என்ற எச்சரிக்கைப் பலகைகள் வழிநெடுக. இந்த சாகெனே, லாக்-சென்-ழான் வட்டாரம்தான் தனிநாட்டு ஆதரவின் கோட்டை. 1995-இல் இங்கே ஏறத்தாழ 70 விழுக்காடு பேர் ‘ஆம்’ போட்டார்கள். அந்தப் பிரசாரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய லூசியேன் புஷார் இந்த மண்ணின் மகன். முந்தின ஆண்டு சதை தின்னும் நோயில் ஒரு காலை இழந்து, கைத்தடியோடு மேடை ஏறியவர்.

அர்விடா 1926-இல் ஓர் அலுமினிய நிறுவனம் தன் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஊர். முதலாளி ஆர்தர் வைனிங் டேவிஸ் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஊருக்குப் பெயர். நான் தங்கிய வீட்டுக்காரர் அந்த உலையில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நான் போனபோது கண்கள் சிவந்திருந்தன. முந்தின இரவு டொரான்டோ புளூ ஜேஸ் பேஸ்பால் இறுதித் தொடர் ஆட்டம் பதினெட்டு இன்னிங்ஸ் இழுத்து, விடியற்காலை மூன்று மணி வரை போனதாம். தோற்றும்விட்டார்கள். “மொன்றியலுக்கென்று இருந்த அணியை 2004-இல் பறித்துக்கொண்டார்கள். வேறு யாருக்குக் கைதட்டுவது?” என்றார். இவர் இரண்டு பொதுவாக்கெடுப்பிலும் ‘ஆம்’ போட்டவர். இரண்டும் அவருக்குள் சண்டை போடாமல் இருக்கின்றன.

சமையலறையில் தூர்த்தியேர் அடுப்பில் இருந்தது. இந்த வட்டாரத்தில் அதை ஆழமான பாத்திரத்தில் இறைச்சித் துண்டும் உருளைக்கிழங்கும் அடுக்கி, மேலே மாவால் மூடி, இரவெல்லாம் மெல்லிய சூட்டில் வேகவைக்கிறார்கள். மூடியை அவர் கரண்டியால் உடைத்ததும் வந்த ஆவியில் கண்ணாடி மங்கிவிட்டது. சாப்பிட்டுக்கொண்டே பேசினார்.

“என் அப்பாவும் அதே உலைதான். மேலதிகாரிகள் எல்லாம் இங்கிலீஷ். அடிபட்டால்கூட இங்கிலீஷில்தான் சொல்ல வேண்டும். அப்பாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தை பத்துதான் இருக்கும்.”

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டும் இல்லை. 1960-களில் மத்திய அரசே அமைத்த இருமொழி ஆணையம் கணக்குப் பார்த்தது. கியூபெக்கில் வருமான வரிசையில் பதினான்கு இனக்குழுக்களில் பிரெஞ்சுக் கனடியர்களுக்குப் பன்னிரண்டாவது இடம். சொந்த மண்ணில், பெரும்பான்மையாக இருந்தும்! அந்தக் கோபம்தான் 1962-இல் ‘நம் வீட்டுக்கு நாமே எஜமானர்’ என்ற முழக்கமாகி, தனியார் மின்நிறுவனங்களை அரசுடைமையாக்கியது. அன்றைக்கு அதற்குப் பொறுப்பான அமைச்சர் லெவெக். 1977-இல் 101-ஆம் சட்டம் வந்தது. வேலையிடம், கடைப்பலகை, பள்ளிக்கூடம் மூன்றும் பிரெஞ்சுக்கு.

“நான் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷத்தில் அந்தச் சட்டம் வந்தது. அதற்கப்புறம் ஃபோர்மேன் என்னிடம் என் பாஷையில் பேசினான். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது என்று சில சமயம் தோன்றும்.” இதைச் சொல்லிவிட்டு அவர் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இந்தப் பயணத்தில் கிடைத்த முக்கியமான வாக்கியம் இது. இயக்கம் நாட்டை வாங்கித் தரவில்லை. ஆனால் நாட்டை எதற்காகக் கேட்டார்களோ அதில் பாதியை வாங்கித் தந்துவிட்டது. வயிறு நிறைந்தவரைப் பந்திக்கு எழுப்புவது கஷ்டம்.

அவர் பேரன் இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், இருபத்திரண்டு வயது. தாத்தாவைவிடத் தீவிரம். அல்பர்ட்டாவின் எண்ணெய்க்கு எங்கள் கொள்கை ஏன் வளைய வேண்டும், லண்டனில் இருக்கும் மன்னருக்கு எங்கள் உறுப்பினர் ஏன் விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டியிருந்தது என்று கேட்கிறான். 2022-இல் பிலாமொந்தோன் அந்தப் பிரமாணத்தை மறுத்து அவைக்கு வெளியே நின்றதும், அதைக் கட்டாயமில்லை என்று ஆக்க மாகாண அரசு சட்டமே கொண்டுவந்ததும்தான் இவனை அரசியலுக்கு இழுத்திருக்கிறது. இளைஞர்களிடம் ஆதரவு கூடியிருப்பதாகச் சில கருத்துக்கணிப்புகளும் சொல்கின்றன.

ட்ரம்ப் பற்றிப் பேச்சு வந்ததும் தாத்தாவின் முகம் மாறியது. ஜூனிலிருந்து அமெரிக்கா அலுமினியத்துக்கு 50 விழுக்காடு வரி போட்டிருக்கிறது. கனடாவின் அலுமினியத்தில் பெரும்பகுதி இந்த மாகாணத்து உலைகளில் உருகுவதுதான். “இப்போது தனியாகப் போனால் வாஷிங்டனோடு தனியாகப் பேச வேண்டும்” என்றார். பேரன் உடனே, “இப்போது மட்டும் நமக்காக யார் பேசுகிறார்கள்?” என்றான். இருவரும் சாப்பாடு ஆறுவது தெரியாமல் வாதாடினார்கள்.

அக்டோபர் 29 – திரும்பும் பேருந்தில்

கணக்கை மட்டும் எழுதிவிடுகிறேன்.

2022 தேர்தலில் லெவெக்கின் கட்சிக்குக் கிடைத்தது 3 இடங்கள், 14 விழுக்காட்டுச் சொச்சம் வாக்குகள். செத்துவிட்டது என்று எல்லாரும் எழுதினார்கள். 2023-இல் ழான்-தலோன், இந்த ஆண்டு தெர்போன், ஆர்த்தபாஸ்கா என்று இடைத்தேர்தல்களில் வரிசையாக ஜெயித்து மேலே வந்திருக்கிறது. ஆளும் கட்சியை நடத்தும் பிரான்சுவா லெகோ ஒரு காலத்தில் இதே கட்சியில் அமைச்சராக இருந்தவர். தனிநாடும் வேண்டாம், ஒட்டாவாவுக்கு அடங்கியும் போக வேண்டாம் என்ற நடுப்பாதையில் 2018-இல் ஜெயித்தவர். இந்த மாதம் 9-ஆம் தேதி கியூபெக்குக்கென்று ஓர் அரசியலமைப்பு மசோதாவைக்கூட அவர் அரசு கொண்டுவந்தது. மக்கள் அவர் ஆட்சியில் சலித்துவிட்டார்கள். அந்தச் சலிப்புதான் பாதிக் காற்று.

நான்கைந்து கட்சிகள் மோதும்போது மூன்றில் ஒரு பங்கு வாக்கு இருந்தால் ஆட்சி கைக்கு வந்துவிடும். 2012-இல் போலின் மாருவா 32 விழுக்காட்டில் முதல்வரானார். பொதுவாக்கெடுப்பில் அந்த வித்தை நடக்காது. அங்கே பாதிக்கு மேல் வேண்டும். தனிநாட்டு ஆதரவோ பல ஆண்டுகளாக 35 விழுக்காட்டைச் சுற்றியே ஏறி இறங்குகிறது. பொதுவாக்கெடுப்பு என்ற சொல்லுக்கே வாக்காளர் விலகி ஓடுவதும் உண்டு. 2014 பிரசாரத்தில் பெரும் பணக்கார வேட்பாளர் ஒருவர் மேடையில் முஷ்டியை உயர்த்தி, நாடு வேண்டும் என்றார். அந்த ஒரு காட்சிக்குப் பிறகு மாருவாவின் ஆட்சி கவிழ்ந்தது.

பணக் கணக்கும் இருக்கிறது. மாகாணங்களின் வருவாயைச் சமப்படுத்த மத்திய அரசு தரும் நிதியாக கியூபெக்குக்கு இந்த ஆண்டு 13 பில்லியன் டாலருக்கு மேல் வருகிறது. நாங்கள் கட்டும் வரியைத்தானே திருப்பித் தருகிறார்கள் என்கிறது இயக்கம். ஆனாலும் ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு அந்த எண் பயம் கொடுக்கும். 1980-இல் ‘ஆம்’ போட்ட இளைஞர்கள் இன்று ஓய்வூதியக்காரர்கள்.

ட்ரம்ப் விஷயம் ஏற்கெனவே ஒரு முறை வேலை செய்துவிட்டது. கனடாவை 51-ஆவது மாநிலமாக்குவேன் என்ற பேச்சு எழுந்ததும், ஏப்ரலில் நடந்த மத்தியத் தேர்தலில் கியூபெக் வாக்காளர்கள் லிபரல் கட்சி பக்கம் சாய்ந்தார்கள். தனிநாட்டுக் கட்சியான புளோக் 22 இடங்களுக்குச் சுருங்கியது. அதே தெர்போனின் நாடாளுமன்றத் தொகுதியில் மறு எண்ணிக்கையில் லிபரல் ஜெயித்தது ஒரே ஒரு வாக்கில்!

அக்டோபர் 30 – மொன்றியல், பார்க் எக்ஸ்டென்ஷன்

முப்பதாம் ஆண்டு நாளை நகரமன்றத்தில் கழிப்பதைவிட இங்கே கழிப்பதுதான் சரி என்று பட்டது. ழான்-தலோன் தெருவில் பஞ்சாபி இனிப்புக்கடை, பங்களாதேஷ் மீன்கடை, பழைய கிரேக்கர்களின் காபிக்கடை, யாழ்ப்பாணத்துப் பலசரக்குக்கடை எல்லாம் பக்கம் பக்கமாக. நண்பர் வழியாக அறிமுகமான ஓர் அண்ணர் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். 86-இல் அகதியாக வந்தவர்.

“தம்பி, 95 இலதான் நான் இந்த நாட்டில முதன்முதல் வோட்டுப் போட்டனான். ‘நோ’ எண்டுதான் போட்டன். பேப்பர் கையில கிடைச்சு ஒரு வரியம்தான். நாடு மாறினா என்ர பேப்பர் என்னாகும் எண்டு பயம். அவையின்ர நோவு எனக்கு விளங்காமல் இல்லை. மொழிக்குப் பங்கம் வந்தா என்ன செய்யும் எண்டு எனக்குத் தெரியாதே? ஆனா அண்டைக்குப் பயம்தான் கையைப் பிடிச்சது.”

அன்று இரவு தொலைக்காட்சியில் முதல்வர் ஜாக் பரிசோ தோல்வியை ஒப்புக்கொண்டு பேசியதை அவர் இதே அறையில் பார்த்திருக்கிறார். நம்மைத் தோற்கடித்தது பணமும் இனக்குழு வாக்குகளும் என்றார் பரிசோ. மறுநாளே பதவி விலகுவதாக அறிவித்தார். வார்த்தை மட்டும் தங்கிவிட்டது. “பிரெஞ்சுக்காரரிலயும் பத்தில நாலு பேர் ‘நோ’ போட்டவை. அவையை ஒண்டும் சொல்லேல்லை. எங்களைச் சொன்னவர்” என்றார் அண்ணர். முப்பது ஆண்டு கழித்தும் குரல் கரகரத்தது.

அவர் மகள் அடுத்த ஆண்டு பிறந்தவர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், 101-ஆம் சட்டம் வேறு வழி விடவில்லை. குடியேறியவர்களின் பிள்ளைகள் எல்லாரும் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். இப்போது அவரே ஆசிரியை. புதிதாக வந்து இறங்கும் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் வகுப்பு. மேசையில் திருத்த வேண்டிய கொப்பிகள் அடுக்கியிருந்தன. மேலே இருந்ததில் ஒரு பிள்ளை நீலப் பென்சிலால் கியூபெக் கொடி வரைந்து, நான்கு லில்லிப் பூவில் மூன்றை மட்டும் முடித்திருந்தது.

“பிரெஞ்சு அழியுது எண்டு டிவியில சொல்லேக்க எனக்குச் சிரிப்பு வாறேல்ல அண்ணா, கவலைதான் வருது. ஏனெண்டா நானும் அதைத்தான் காப்பாத்திக்கொண்டிருக்கிறன். ஆனா காரணம் ஆர் எண்டு கேட்டா, குடியேறினவை எண்டு எங்களைத்தான் காட்டுகினம். என்ர வகுப்புக்கு வந்து பாருங்கோ எண்டு ஆரையாவது கூப்பிடோணும்.”

இதுதான் என் மனதில் நிற்கிறது. லெவெக்கும் அந்தச் சட்டத்தை எழுதிய கமில் லோரனும் குடியேறியவர்களின் பிள்ளைகளைப் பிரெஞ்சு பேசவைத்தார்கள். அது பிரமாதமாக வேலை செய்தது. சட்டம் அந்தப் பிள்ளைகளைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திய பிறகு, உள்ளே வா என்று சொல்ல இயக்கத்துக்கு வாய் வரவில்லை. மொன்றியலுக்கு வெளியே தொகுதிகளை ஜெயிக்க, குடியேற்றத்தைக் குறைப்போம் என்று பேச வேண்டியிருக்கிறது. நிரந்தரக் குடியேற்றம் ஆண்டுக்கு 35,000 போதும் என்கிறது பிலாமொந்தோனின் திட்டம். மாகாணத்தில் தற்காலிக அனுமதியில் இருப்பவர்கள் மட்டும் ஆறு லட்சம் பேர் அளவுக்கு உயர்ந்த பிறகு, எண்ணிக்கை பற்றிக் கவலைப்படுவது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தேர்தலை ஜெயிக்கவைக்கும் அந்தப் பேச்சே பொதுவாக்கெடுப்பைத் தோற்கவைக்கும். பாதிக்கு மேல் போக வேண்டுமென்றால் இந்தத் தெருவின் வாக்குகள் வேண்டும்.

2026-இல் அவர்கள் ஆட்சிக்கு வர நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றே நினைக்கிறேன். பொதுவாக்கெடுப்பு வைத்தால், இன்றைய நிலையில் தோற்பார்கள். மூன்றாவது முறை தோற்றால் ஒரு தலைமுறைக்கு யாரும் வாய் திறக்க முடியாது. கியூபெக் ஒரு நாடாக இருக்கத் தகுதியானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, அதனால்தான் அவசரப்படுவதைப் பார்க்க மனம் பதறுகிறது.

அண்ணரின் மகளிடம் நேராகவே கேட்டேன், நீங்கள் என்ன போடுவீர்கள் என்று.

“கேள்வி என்ன, க்ரீ ஆக்களுக்கு என்ன பதில், என்ர வகுப்புப் பிள்ளையளுக்கு என்ன இடம் எண்டு சொல்லட்டும், பிறகு பாப்பம். அப்பாவைப் போலப் பயத்தில ‘நோ’ போட மாட்டன்.”

அண்ணர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. நான், அந்தக் கட்சி முதலில் இந்தத் தெருவில் ஓர் அலுவலகம் திறக்க வேண்டும் என்றேன்.

“திறக்கட்டும், நான் போவன்” என்றார் அவர், கொப்பிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே. “ஆனா வேலைநாளில பின்னேரம் நாலு மணிக்குப் பிறகும் திறந்திருக்கோணும். அதுக்கு முதல் எனக்கு வகுப்பு.”